சின்னக் காரையே எடு

மகனே,

எந்தக் கார் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அது உனக்கும் தெரிந்திருக்கும். பதிலை இப்போது எழுதுகிறேன். சின்னக் காரையே எடு. அந்த வெள்ளைக் கார்தான். வேனை விட்டுவிடு. இதைப் போனிலேயே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால், சின்னம்மாவுக்குக் கோபம் என்று நினைப்பாய். இல்லாவிட்டால் சின்னம்மா பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தாள் என்று நினைப்பாய். இரண்டும் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டால் நான் குடும்பக் கதையே சொல்லத் தொடங்கிவிடுவேன், பின்னால் நிற்கிறவர்கள் தேங்காய்த் தட்டோடு நெளிவார்கள்.

உன் அம்மா, என் அக்கா, கண்ணை மூடியபோது உனக்குப் பேச்சு வரவில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரத்தோட்டை பஸ்ஸில் இந்த வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம், உன் சித்தப்பா உயிரோடு இருந்தபோது, தேவி பிறந்தாள். நீ அண்ணன், அவள் தங்கச்சி. நம் ஆட்களிடம் அக்கா பிள்ளையும் தன் பிள்ளையும் ஒன்றுதான், அதில் விளக்கம் சொல்ல எதுவும் இருந்ததில்லை. பாடசாலைக்குப் போகும் வயதில் அவளுக்குக் கால் பின்னத் தொடங்கியது. தசை கரைகிற வியாதி என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளை முதுகில் சுமந்து மேட்டுப் பாதை ஏறியது நீதான். உன் வெள்ளைச் சட்டையின் தோள் இரண்டும் எப்போதும் கசங்கியே இருக்கும். இதையெல்லாம் உனக்கு நினைவுபடுத்தி உன்னைக் கட்டிப்போட நான் பார்க்கவில்லை. நீ செய்ததை நான் மறக்கவில்லை என்று எழுத்தில் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மிளகு காயப்போட்டிருந்த சமயம் நீ வந்திருந்தாயே, அந்த நாளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நான் முற்றத்தில் உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். தேவி சக்கர நாற்காலியில். நீ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கொழும்பில் கார் விற்கிற கம்பெனி ஒன்றுக்காக நீ செய்கிற வேலையைக் காட்டினாய். வாங்க வருகிறவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சம்பளம், எங்கே போய் வருகிறார்கள் என்று சொன்னால், அவர்கள் கைக்கு எட்டுகிற குடும்பக் கார் எது என்று அது சொல்லுமாம். எல்லா விவரமும் கிளவுட்டில் ஒரு டேட்டாபேஸில் இருக்குமாம்.

"ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெட்டி மாதிரி, சின்னம்மா. ஆளுங்க ஒரு பெட்டி, குடும்பம் ஒரு பெட்டி, வண்டி ஒரு பெட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் என்ன உறவுன்னு நாங்க கோடு போடணும். அதைத் தப்பாப் போட்டா மத்தது எல்லாம் தப்பாப் போயிடும்" என்றாய்.

"உறவை எதுக்குக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கணும்? பார்த்தாத் தெரியாதா அதுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பக்கத்து வீடு இல்லைம்மா, போய் விசாரிக்க" என்றாள் தேவி.

நம் வீட்டையே வைத்து அதைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னாய். உன் பெயர், மருமகள் சுதா, பிள்ளைகள் இரண்டு பேர், சுதாவின் அம்மா, நான், தேவி, எல்லோரையும் ஒரே குடும்பத்தின் கீழே போட்டிருந்தாய். ஏழு பேர். எனக்கு அந்தத் திரையைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வீட்டில் மாட்ட ஒரு குடும்பப் படம்கூட நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்ததில்லை. அப்புறம் கோட்டைப் பற்றிச் சொன்னாய். இறுக்கமான கோடு ஒன்று, தளர்வான கோடு ஒன்று. இறுக்கமான கோடு போட்டால் மேலே உள்ளவரை அழித்ததும் கீழே உள்ளவரும் சேர்ந்து அழிந்துவிடுவார், அவர் தனியாக இருக்கவே முடியாது. தளர்வான கோடு என்றால் மேலே உள்ளவர் போனாலும் கீழே உள்ளவர் இருப்பார், மேலே யார் என்று எழுதிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கும்.

"அண்ணே, எனக்கு எந்தக் கோடு போட்டிருக்கீங்க?"

நீ திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "பிள்ளைங்க எல்லாருக்கும் இறுக்கமானதுதான். நீ சின்னம்மாவுக்குக் கீழ."

"அப்ப அம்மாவை அழிச்சா நானும் கூடவே போயிடுவேன். நல்லதாப் போச்சு. அம்மா அந்தோனியார்கிட்ட கேக்குறதும் அதைத்தானே. சாமி குடுக்க முந்தி கம்ப்யூட்டர் குடுத்திடுச்சு."

நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான் மிளகைப் பார்த்தேன். ஆமாம், மகனே, நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் பல வருஷம் அவளுக்குக் கால் கேட்டேன். மாத்தளை அம்மனுக்குத் தேர்த் திருவிழாவில் நெருப்புச் சட்டி எடுத்தேன், வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகில் செய்த கால் வைத்தேன். கைகளும் ஒடுங்கத் தொடங்கியபோது கால் கேட்பதை நிறுத்திவிட்டேன். என் கண்ணுக்கு முன்னால் அவளை எடுத்துக்கொள், அதற்கு மறுநாள் என்னை எடுத்துக்கொள் என்று கேட்கத் தொடங்கினேன். எனக்குத்தான் மனசுக்குள்ளே கும்பிடத் தெரியாதே, சாமியோடும் வாய்விட்டுத்தான் பேசுவேன். அவள் பக்கத்தில் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் அதைப் பற்றி அழவில்லை. அன்றைக்கு ஒரு பகிடியாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

"மாத்திடுறேன் தங்கச்சி" என்று நீ அவசரமாகச் சொன்னாய்.

கொஞ்ச நாள் கழித்து போன் எடுத்தாய். நல்ல உற்சாகமாக இருந்தாய். உன் மேனேஜர் பார்த்துவிட்டு, "இவங்க எப்படி உன்னோட சிஸ்டர்? அம்மா வேற, அப்பா வேற. கஸின்தானே" என்று கேட்டாராம். நீ நம் வழக்கத்தைச் சொன்னாயாம். "கஸ்டமர் எல்லாரும் உன்னோட ஊர் ஆளுங்களா?" என்று சிரித்தாராம். அதனால் நீ திருத்திவிட்டாய். என்னையும் தேவியையும் தனிக் குடும்பமாகப் போட்டு, உன் குடும்பத்தோடு தளர்வான கோட்டில் சேர்த்தாய். "இப்ப எல்லாம் சரியா வந்திடுச்சு சின்னம்மா. முதல்ல பெரிய வேன் எடுன்னு காட்டிச்சு, எங்க சம்பளத்துக்கு எட்டவே எட்டாது. இப்ப சின்னக் கார் போதும்னு சொல்லுது. அது எங்களால முடியும்" என்றாய். நானும், நல்லது ராசா, பெட்ரோல் விற்கிற விலைக்குச் சின்னதுதான் புத்தி, என்றேன். மனசார மகிழ்ச்சியாகத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு தேவி கேட்டாள்.

"அம்மா, ஏழு பேரா இருந்த நாங்க அஞ்சு பேர் ஆகிட்டோம். அந்த ரெண்டு பேர் யாருன்னு யோசிச்சீங்களா?"

நான் அப்போதுதான் யோசித்தேன். நீ எங்களைத் தள்ளிவிடவில்லை, மகனே. அது எனக்குத் தெரியும். ஒரு வேலையில் இருந்த பிழையைத் திருத்தினாய், திருத்தினதும் வாழ்க்கை எப்படி இருக்கிறதோ அப்படியே தெரிந்தது. உன் மேனேஜர் சொன்னதிலும் பொய் இல்லை. உன் வீட்டில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். நீயும் சுதாவும் விடிய முன்னமே வேலைக்குப் போகிறீர்கள், சம்மந்தி அம்மா இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. அவரை இறக்கிவிட்டு எங்களை ஏற்று என்று எந்த வாயால் நான் கேட்பேன்?

அதற்குப் பிறகுதான் நான் விழுந்தேன். உன்னிடம் சின்னதாக வழுக்கிவிட்டது என்றேன். உண்மை என்னவென்றால், காலையில் அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது என் முழங்கால் மடிந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில். அவள் பாதி என் மேலே கிடந்தாள். என்னாலும் எழும்ப முடியவில்லை, அவளாலும் புரள முடியவில்லை. கத்திப் பார்த்தேன், பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் முருகா, மாரியம்மா, அந்தோனியாரே என்று வரிசையாகக் கூப்பிட்டேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, மேல ஒரு பல்லி நம்மளையே பார்க்குது. அதையும் கூப்பிட்டுப் பாருங்க" என்றாள். நான் தரையில் கிடந்துகொண்டே சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள். "அடுத்த தடவை நீங்க எழும்பாட்டி நான் என்னம்மா செய்றது?" பால்காரப் பெண் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் அப்படியே கிடந்தோம்.

நீ கேள்விப்பட்டு ஓடி வந்தாய். காரை உடனே எடுத்துவிடலாம், மாதா மாதம் கிளினிக்குக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றாய். நம் எல்லோரையும் மாத்தளை டவுனில் வண்டி விற்கிற அந்தக் கார் சேலுக்குக் கூட்டிப்போனாய். சுதாவும் வந்திருந்தாள். அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வண்டி இறக்குமதியைத் திறந்துவிட்டால் விலை இறங்கும் என்று ஊரே காத்திருந்தது. திறந்தார்கள், இறங்கவில்லை. அந்த முதலாளி பாவம், நல்ல மனுஷன், கையால் பானெட்டைத் தடவித் தடவிப் பேசினார். "அக்கா, இது ஃபேமிலிக்கின்னே செஞ்ச வண்டி. கொஞ்சமா பெட்ரோல் குடிக்கும், சாமான் எந்தக் கடையிலயும் கிடைக்கும், நாளைக்கு வித்தாலும் கை கடிக்காது" என்றார். மேடு ஏறுமா என்று நான் கேட்டேன். ஏறும் என்றார். பிரேக் எப்படி என்று கேட்டேன். ஏறுவதை விட இறங்குவதுதான் நம் பாதையில் பெரிது, அதை நீ மறக்காதே. அடி தட்டாத உயரம் இருக்கிறதா என்று நீ குனிந்து பார்த்தாய். எல்லாம் சரி. கடைசியில் டிக்கியைத் திறந்து தேவியின் நாற்காலியை மடித்து வைத்துப் பார்த்தாய். மூடவில்லை. படுக்க வைத்துப் பார்த்தாய், நிமிர்த்திப் பார்த்தாய், சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாய். பின் சீட்டை மடித்தால் மட்டும் உள்ளே போனது. பின் சீட்டை மடித்தால் பிள்ளைகள் எங்கே இருப்பது, சம்மந்தி அம்மா எங்கே இருப்பது?

தேவியை அந்த நேரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம், நான் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கிருந்தே சொன்னாள். "அண்ணே, கார் என்னை வேணாங்கலை. நாற்காலியைத்தான் வேணாங்குது. ரெண்டு பேரையும் கொஞ்ச நாளைக்குப் பிரிச்சு வச்சுப் பாருங்க."

எல்லோரும் சிரித்தோம். அந்த முதலாளி மட்டும் சிரிக்கவில்லை, உள்ளே போய் எல்லோருக்கும் சோடா கொண்டு வரச் சொன்னார். அப்புறம் வேனைக் காட்டினார். நாற்காலியைத் தூக்கி அப்படியே வைக்கலாம், ஏழு பேரும் இருக்கலாம். பழைய வேன், ஆனாலும் விலையைக் கேட்டதும் சுதா தன் கைப்பையின் வாரைச் சுருட்டத் தொடங்கினாள். வெளியே வந்து என் பக்கத்தில் நின்று, "மாமி, இதை எடுத்தா பிள்ளைங்க படிப்பு நிக்கும். எடுக்கலைன்னா நான் கெட்டவளாகிடுவேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் அவர்களோடு பேசமாட்டேன் என்று அவளிடம் சொல்லு. கட்டாயம் சொல்லு.

இனி உனக்குத் தெரியாத விஷயம். கார் சேலிலிருந்து வந்த மறுநாள் தேவி தானே ஒரு இடத்துக்கு போன் எடுத்திருக்கிறாள். இப்படி முடியாத பெண் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற கன்னியாஸ்திரி சிஸ்டர்மார் வீடு, மாத்தளை டவுனுக்கு அந்தப் பக்கம். என்னிடம் சொல்லாமல் எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்குச் சோறு மட்டும் ஊட்டினேன், பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அவளே கடைசியில், "அம்மா, பேசுங்க. காது வலிக்குது" என்றாள்.

போய்ப் பார்த்தோம். பெரிய சிஸ்டருக்கு என்னை விட வயது கூட. அவரிடம் நான் என் வேண்டுதலைச் சொன்னேன், இந்தப் பிள்ளையை எனக்கு முன்னால் எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன், இது பாவமா என்று கேட்டேன். "இங்க வர்ற எல்லா அம்மாமாரும் அதைத்தான் கேக்குறாங்க. கடவுள் காது அந்த வேண்டுதலால நிறைஞ்சு போயிருக்கும்" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். அதுதான் என்னை முடித்துவிட்டது. "அம்மா உயிரோட இருக்கும்போது வந்த பிள்ளைங்க அழும், ஆனா சாப்பிடும். அம்மா செத்தப்புறம் கொண்டுவந்து விடுற பிள்ளைங்க சாப்பிடாது. நாங்க எவ்வளவு பாடுபட்டாலும் சாப்பிடாது." ஒரு கட்டில் இப்போது வெறுமையாக இருக்கிறது, இதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என்றார். அது எப்படி வெறுமையானது என்று நான் கேட்கவில்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய மயில் படம் இருந்தது. தேவி அதைப் பார்த்துவிட்டு, "இதைக் கழட்ட வேணாம் சிஸ்டர்" என்றாள்.

நேற்று அவளை அங்கே விட்டுவிட்டு வந்தேன். அம்மன் கோயில் விபூதியை ஒரு பேப்பரில் மடித்து யாருக்கும் தெரியாமல் தலையணைக்குக் கீழே வைத்தேன். சின்ன சிஸ்டர் ஒருவர் பார்த்துவிட்டார். ஏசுவார் என்று பயந்தேன். "அங்க வச்சா உறையெல்லாம் கொட்டும். இதுல போடுங்க" என்று ஒரு மருந்து டப்பியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். நான் கிளம்பும்போது தேவி அழவில்லை. "நான் பழகிடுவேன், நீங்கதான் பழகணும். நல்லா சாப்பிடுங்க" என்றாள். நான் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பொம்பளைக்கு எல்லாக் கதையும் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

இது நல்ல முடிவு என்று நான் சொல்லமாட்டேன். நல்ல முடிவு ஒன்று இதில் எங்கேயும் இருக்கவில்லை. வியாதி கூடிக்கொண்டுதான் போகும், மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு இழுக்கிறது உனக்குத் தெரியும். அந்த வீட்டில் சிஸ்டர்மார் கொஞ்சப் பேர், பிள்ளைகள் நிறையப் பேர். அவளுக்குக் கால் மரத்துப்போனால் திருப்பிப் போட உடனே கை வராது. வேண்டுதலையும் நான் விடவில்லை, இன்று காலையும் அதையேதான் கேட்டேன், பழக்கத்தில். கேட்கிறதா என்று தெரியவில்லை.

நீ காரை எடு. எடுத்ததும் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு அப்புறம் ஓட்டு, சிரிக்காதே. பிள்ளைகளைப் பின்னால் பெல்ட் போட்டு இருத்து. சம்மந்தி அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் கொடு, அவருக்குத் தலை சுற்றும். உங்களுக்கு லீவு கிடைக்கிற அன்று எல்லோரும் வந்து தேவியைப் பாருங்கள். முன்னால் நீ அவளோடு சண்டை பிடிப்பாயே, அப்படியே சண்டை பிடி. அவள் கையைப் பிள்ளைகள் பிடித்து விளையாடட்டும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிக் கூட்டி வா. உன் வேலையைப் பற்றிக் கேட்பாள், எல்லாம் சொல்லு, அவளுக்கு அது விளங்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. கொஞ்ச நாள் பொறு தங்கச்சி, கடன் அடையட்டும், பெரிய வண்டி எடுத்து உன்னை நம்ம வீட்டுக்கே கூட்டிப்போகிறேன் என்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிடாதே. உன் மனசு எனக்குத் தெரியும், சொல்லாமல் திரும்புவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். அவள் நம்பமாட்டாள். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பக்கத்தில் நானும் நிற்பேன். நான் நம்பிவிடுவேன்.

உன் சின்னம்மா